கூட்டிப் பார்க்க ஆளில்லை!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் போதும், டி.வி-யில் ஓடும் அந்த வரி உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். 'பூண்டி ஏரியில் இருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி உபரிநீர் திறப்பு. கொசஸ்தலை ஆற்றின் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.'

சரி, செல்கிறோம். ஆனால் ஒரு சந்தேகம். இத்தனை ஆயிரம் கன அடி என்றால் என் வீட்டு வாசலில் எவ்வளவு நிற்கும்? முழங்கால் அளவா, கழுத்தளவா? எத்தனை மணிக்கு வரும்? எப்போது வடியும்?

ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 30,000 கன அடி திறந்தால், 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரிகள் எழுபது, ஒவ்வொரு விநாடியும் ஆற்றில் கொட்டுவதற்குச் சமம். ஏரிக்கு எவ்வளவு பாரம் குறைந்தது என்பதற்கான கணக்கு இது. சடையங்குப்பத்திலும் வெள்ளிவாயலிலும் மணலி புதுநகரிலும் இருப்பவருக்கு எவ்வளவு பாரம் ஏறியது என்பது இதில் இல்லவே இல்லை.

அந்தக் கணக்கு கொஞ்சம் சிக்கலானதுதான். காரணம், முகத்துவாரம். எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் தண்ணீர் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. மேலே இருந்து பூண்டி நீர் வரும். பக்கத்தில் இருந்து புழல் ஏரியின் உபரிநீர் வரும். தலைக்கு மேல் மழை கொட்டும். எதிரே கடல் ஏறும். இந்தக் கரையில் பெரிய ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம். 'வெறும் ஒரு மீட்டர்தானே' என்கிறீர்களா? தரையே கடல் மட்டத்தில் இருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு அது மிகப் பெரிய உயரம். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வெள்ளம் வந்தால் வடிய வழியில்லை. புயலும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். அலை கொண்டுவரும் மணல் வாயை அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

வடக்கே போனாலும் இதே கதை. ஆந்திராவின் பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆறு பொங்குகிறது. பொன்னேரி தாண்டி அது சேரும் இடம் பழவேற்காடு ஏரி. அங்கேயும் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோகும். மீனவர்கள் பல வருடங்களாக அதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன்.

உங்கள் தெருவில் ஒருத்தர் புதுவீடு கட்டும்போது மூணு அடி மேடேற்றுகிறார். அவர் வீட்டில் தண்ணீர் நுழையாது. அது எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்கு. அவரும் மேடேற்றுவார். கடைசியில், மேடேற்றக் காசில்லாத வீட்டுக்குள் தெருவின் மொத்தத் தண்ணீரும் நுழையும். எண்ணூர் கழிமுகத்தில் நடந்தது இதுதான், ஏக்கர் கணக்கில். அனல்மின் நிலையம், நிலக்கரிக் கிடங்கு, துறைமுகம், கன்டெய்னர் யார்டு... ஒவ்வொன்றும் தன் இடத்தை உயர்த்திக்கொண்டது. குழாய் உடைந்து கொட்டிய சாம்பல் வேறு ஆற்றின் அடிவயிற்றை நிரப்பியது.

ஒவ்வொரு திட்டத்துக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை உண்டு. 2006-ம் ஆண்டு அறிவிக்கையின் நடைமுறையில் அனுமதி திட்டத்துக்குத் திட்டம்தான் வழங்கப்படுகிறது. 'எங்கள் திட்டத்தால் நீர்மட்டம் சில சென்டிமீட்டர்தான் உயரும்' என்று ஓர் அறிக்கை சொன்னால், அது உண்மையாகக்கூட இருக்கலாம். பத்துத் திட்டங்கள் சேர்ந்தால்? ஏரி ஒரு துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், துறைமுகம் வேறிடம், தொழிற்பேட்டை சிப்காட்டிடம். அவரவர் கணக்கு அவரவர் மேஜையில். கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை!

வரைபடத்தின் கதை இன்னும் வேடிக்கை. மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் சுமார் 6,500 ஏக்கர். 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வேறொரு வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று சூழல் ஆர்வலர்கள் அம்பலப்படுத்தினார்கள். காகிதத்தில் அழித்துவிடலாம். மழைக்குக் காகிதம் படிக்கத் தெரியாதே!

அபாயக் கோடும் அப்படித்தான். 2011-ம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் எதுவரை வரக்கூடும் என்று கோடு போடச் சொன்னது. 2019-ல் வந்த அடுத்த அறிவிக்கை, அந்தக் கோடு பேரிடர் மேலாண்மைக்கு மட்டுமே, கட்டுமானக் கட்டுப்பாட்டுக்கு அல்ல என்று ஒதுக்கிவிட்டது. ஆபத்து இருக்கும் இடம் தெரிந்த பிறகும் அங்கே கட்டலாமாம். மூழ்கும்போது படகு அனுப்புவார்களாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பில் போட்டது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் இருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. வெறும் மழைத் தண்ணீர் என்றால் வடிந்ததும் கழுவிவிடலாம். தொழிற்பேட்டை வெள்ளம் அப்படியல்ல. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் அபாயக் கணக்கில் சேர வேண்டும். கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் சார்' என்பார்கள். ஏமாறாதீர்கள். எந்த ஒரு வருடத்திலும் வர நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். நீங்கள் 30 வருட வீட்டுக்கடன் வாங்கியிருந்தால், கடன் முடிவதற்குள் அதைச் சந்திக்க ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்து.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி, கொசஸ்தலை வடிநில மழைநீர் வடிகாலுக்கு 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் மூடிய கழிமுகத்தை மீட்கச் சொன்னது. முதலாவதைவிட இரண்டாவதுதான் முக்கியம். வடிகால் என்பது தண்ணீரைச் சீக்கிரம் கழிமுகத்தில் சேர்க்கும் ஏற்பாடு. கழிமுகமே நிரம்பி நின்றால் அதே வடிகால் வழியாகத் தண்ணீர் உங்கள் தெருவுக்குத் திரும்பி வரும்.

1953-ல் ஒரே இரவில் 1,800-க்கும் மேற்பட்டவர்களைக் கடலுக்குப் பறிகொடுத்த நாடு நெதர்லாந்து. பிரமாண்டமான தடுப்புகள் கட்டினார்கள். 1993-லும் 1995-லும் ஆறுகள் பொங்கி மிரட்டியதும், சுவர் மட்டும் போதாது என்று புரிந்துகொண்டார்கள். நைமேகன் நகரில் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். அதற்காகச் சுமார் 50 குடும்பங்களுக்கு வேறு இடம் தர வேண்டியிருந்தது. வலிக்கிற முடிவுதான். நாமும் வலிக்கிற முடிவுகள் எடுக்கிறோம். என்ன, வலி எப்போதும் குப்பத்துக்காரருக்கு மட்டும்.

உங்கள் பகுதியில் அடுத்த கிராம சபையோ, கருத்துக்கேட்புக் கூட்டமோ நடந்தால் போங்கள். மைக் கிடைத்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். இத்தனை கன அடி திறந்தால் எங்கள் தெருவில் எத்தனை அடி நிற்கும்? அன்றைக்குக் கடலும் ஏறியிருந்தால் எத்தனை அடி? பக்கத்துத் திட்டங்களையும் சேர்த்துக் கூட்டினால் எத்தனை அடி?

பதில் சொல்லத் தடுமாறினால், மேடேற்ற அனுமதி கேட்கும் கோப்பு அதுவரை மேஜையிலேயே இருக்கட்டும்.