நார்னியாவில் ஒரு மிட்டாய்ப் பெட்டி

பிரிட்டனில் 1942இல் தொடங்கிய மிட்டாய்ப் பங்கீடு 1953இல்தான் முற்றும் நீங்கிற்று. அதற்கிடையே, 1950இல் வெளிவந்தது சி. எஸ். லூயிஸ் எழுதிய 'சிங்கமும் சூனியக்காரியும் உடையலமாரியும்' என்னும் சிறுவர் நூல். போர்க்காலத்தில் லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட நான்கு உடன்பிறந்தார், ஓர் அலமாரி வழியே நார்னியா என்னும் மாயநாட்டை அடைகின்றனர். அவருள் எட்மண்ட் என்பானைச் சூனியக்காரி வாள் கொண்டு வெல்லவில்லை. ஒரு பெட்டி துருக்கி மிட்டாயால் வென்று விடுகிறாள். உண்ண உண்ண வேட்கை பெருகும் மந்திரம் அம்மிட்டாயில் உண்டு. அதன்பொருட்டு உடன்பிறந்தாரையே அவன் காட்டிக் கொடுக்கிறான்.

மந்திரமே காரணமாயின், சிறுவன்மீது குற்றம் ஏது? நியாயமான வினாவே. ஆயினும் உண்ண விரும்புவது யாதென்று அவள் வினவியபோது, மிட்டாயை நாடியது அவன் மனமே. அதன் மந்திரம் பின்னரே பற்றிற்று.

இனிப்பே தீதென்று ஆசிரியர் கூறினாரல்லர். பீவர் தம்பதியர் இல்லத்தில் பழப்பாகு இனிப்பு எல்லார்க்கும் பரிமாறப்படுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தா தரும் தேநீர்த் தட்டிலும் சர்க்கரைக் கிண்ணம் உண்டு. எட்மண்டோ பெட்டி முழுவதையும் தனித்தே உண்டு தீர்த்தான். மீண்டும் அவளிடம் சென்றபோது காய்ந்த ரொட்டியும் நீருமே கிடைத்தன.

எனினும் ஆசிரியர் அவனைக் கைவிடவில்லை. அஸ்லான் என்னும் சிங்கம் தன் உயிரையே ஈடாகத் தந்து அவனை மீட்கிறது. பங்கீட்டுச் சீட்டோடு வளர்ந்த அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அவன் ஆசையும் விளங்கியிருக்கும். அவன் பிழையும் விளங்கியிருக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துவதே இந்நூலின் சிறப்பு.