எட்டு விழுக்காடு போதுமா?

மருத்துவ உலோகங்களைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வந்துவிடும் எண் எட்டு. நிக்கலும் டைட்டானியமும் அணுக் கணக்கில் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த நிட்டினால் கம்பியை, அதன் நீளத்தில் 8 விழுக்காடு வரை இழுத்துவிட்டாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். துருவேறா எஃகு அரை விழுக்காட்டிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். இந்த மிகைமீள் குணம் வியப்பானதுதான். ஆனால் உடம்புக்குள் வைக்கும் பொருளை இந்த எண்ணை வைத்து மதிப்பிடுவது பெரிய பிழைக்கு இடம் கொடுக்கிறது.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண உலோகம் மீள்வது அணுப்பிணைப்புகள் சற்றே நீண்டு சுருங்குவதால். நிட்டினாலில் படிக அமைப்பே மாறுகிறது. விசை ஏறும்போது ஆஸ்டினைட் என்ற படிக அமைப்பு மார்டென்சைட் என்ற அமைப்பாக உருமாறுகிறது, விசை தளர்ந்ததும் மீண்டும் ஆஸ்டினைட்டாகிறது. அந்த மாற்றம் நடக்கும்வரை தகைவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். 1980களில் சீனாவிலும் ஜப்பானிலும் உருவான பல் சீரமைப்புக் கம்பிகள் இந்தச் சமமட்டத்தைத்தான் பயன்படுத்தின. பல் நகர நகர, கம்பி கிட்டத்தட்ட அதே மென்மையான விசையில் தள்ளிக்கொண்டே இருக்கும். கழுத்துத் தமனியில் பொருத்தும் ஸ்டென்ட்டைச் சுருக்கிக் குழாய்க்குள் அடைத்து அனுப்பலாம். உள்ளே போய் அது தானாக விரியும். பலூனால் விரித்த எஃகு ஸ்டென்ட் அங்கே வெளியிலிருந்து அழுத்தப்பட்டு நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும். இந்த இடங்களில் மிகைமீள் உலோகத்துக்கு இணையில்லை.

சிக்கல் தொடையில் தொடங்குகிறது. நடக்கும்போதும் உட்காரும்போதும் தொடைத் தமனி வளைகிறது, முறுகுகிறது, நீளவாக்கில் சுருங்குகிறது. அங்கே வைத்த தொடக்ககால நிட்டினால் ஸ்டென்ட்களில் கம்பிகள் முறிந்தது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு முறை இழுத்தால் 8 விழுக்காடு தாங்கும் அதே உலோகம், ஒரு கோடி முறை தாங்க வேண்டுமென்றால் ஏறி இறங்கும் திரிபின் வீச்சு 0.4 விழுக்காட்டை ஒட்டியே இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்கு! பத்து ஆண்டு நாடித்துடிப்போ ஏறத்தாழ 40 கோடி. விரிசல் பெரும்பாலும் உலோகத்துக்குள் சிக்கிய நுண்ணிய கார்பைடு, ஆக்சைடு துகள்களிலிருந்து கிளம்புகிறது. ஆகவே எவ்வளவு தூய்மையாக உருக்கி வார்த்தார்கள் என்ற தகவல், எவ்வளவு நீளும் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெப்பநிலையும் அப்படித்தான். ஒரு டிகிரி ஏறினால் சமமட்டத் தகைவு 6 முதல் 7 மெகாபாஸ்கல் வரை உயரும். அறை வெப்பத்தில் அளந்து வரைந்த தகைவு-திரிபு வரைபடத்துக்கும் 37 டிகிரி உடம்புக்கும் இடையே சுமார் 100 மெகாபாஸ்கல் இடைவெளி விழுந்துவிடும். அப்படிப்பட்ட வரைபடத்தை உட்பொருத்தியின் இயல்பு என்று காட்டுவது முறையல்ல. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களின் கவலை இன்னொன்று. மேற்பரப்பை நன்றாக மெருகிட்டு டைட்டானியம் ஆக்சைடு படலத்தைச் சீராக வைத்தால் நிக்கல் கசிவு வெகுவாகக் குறையும், அடியோடு நிற்காது.

எலும்பின் தேவை முற்றிலும் வேறு. கெட்டி எலும்பின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் 10 முதல் 30 ஜிகாபாஸ்கல். வழக்கமான டைட்டானியம்-அலுமினியம்-வனேடியம் கலவைக்கு சுமார் 110. விறைப்பான உலோகமே சுமையை வாங்கிக்கொள்வதால் பக்கத்து எலும்பு வேலையின்றி நலிகிறது. இங்கே வேண்டியது குறைந்த விறைப்பு. 8 விழுக்காடு மீட்சிக்கு இங்கே வேலையே இல்லை. நிக்கல் கலக்காத பீட்டா வகை டைட்டானியக் கலவைகள் இதற்காகவே வந்தன. ஜப்பானில் மிட்சுவோ நினோமி குழுவினர் உருவாக்கிய டைட்டானியம்-நியோபியம்-டான்டலம்-சிர்கோனியம் கலவையின் குணகம் 60 அளவில் நிற்கிறது. இவ்வகையில் மிகைமீள் குணம் காட்டுபவையும் பொதுவாக 3 விழுக்காடு அளவுக்கே மீளும். அதைக் குறையென்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. மிகக் குறைந்த விறைப்பு கிடைப்பது உலோகம் மென்மையாக உள்ள நிலையில். வலுவேற்ற வெப்பப் பதனம் செய்தால் ஆல்ஃபா படிகங்கள் பிரிந்து விறைப்பும் கூடிவிடும். குறைந்த குணகத்தை ஒரு மாதிரியிலும் உயர்ந்த வலிமையை இன்னொரு மாதிரியிலும் அளந்து, இரண்டையும் ஒரே உலோகத்தின் பெருமையாகச் சொன்னால் வாசகர் ஏமாறுவார்.

மென்மை கூடக் கூட நன்மை என்பதும் சரியல்ல. 1970களில் எலும்பை ஒத்த மென்மையில் செய்த பிளாஸ்டிக் இடுப்புத் தண்டுகள் ஐரோப்பாவில் பொருத்தப்பட்டன. தண்டுக்கும் எலும்புக்கும் இடையே அசைவு கூடியதால் பல தளர்ந்துபோயின. முதுகுத்தண்டு அறுவையில் வேறொரு தொல்லை. நோயாளியின் முதுகு வளைவுக்கேற்ப மருத்துவர் உலோகத் தண்டைக் கையால் வளைக்கிறார். குறைந்த விறைப்புள்ள தண்டு மீண்டுவந்து வளைவைக் கெடுக்கிறது. இதற்கு விடையாக நினோமி குழுவினரே டைட்டானியம்-குரோமியம் கலவைகளை முயன்றார்கள். வளைத்த இடத்தில் மட்டும் ஒமேகா கட்டம் உருவாகி விறைப்பேறும். மற்ற நீளம் மென்மையாகவே இருக்கும். அழகான தீர்வு. ஆனால் முதுகில் பொருத்தும் உலோகத் தண்டுகளில் சோர்வு விரிசல் விழ வாய்ப்பு அதிகமுள்ள இடமும் அந்த வளைவுதான். வளைத்த தண்டை 37 டிகிரி உப்புநீரில் வைத்து, கோடிக்கணக்கான சுழற்சிகளுக்கு உட்படுத்திய சோதனை முடிவைத்தான் இந்தக் கலவையிடம் முதலில் கேட்க வேண்டும்.