கொக்குப் பாட்டும் கொசாப் பாட்டும்

முத்தமிழ் என்று வாயாரச் சொல்கிறோம். மாணவர்க்குக் கற்பிக்கும்போது இயல் ஒன்றையே கையில் எடுக்கிறோம். இசைத்தமிழ் கோயிலுக்கும் சபாவுக்கும் உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம். நாடகத்தமிழ் என்ற தலைப்பு வந்தால் 1891-இல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட 'மனோன்மணீயத்தை'ச் சுட்டிக் காட்டுகிறோம். அதுவோ நடிப்பதற்கு அன்றிப் படிப்பதற்கென எழுந்த நூல். இந்நாட்டு எஸ்.பி.எம். தேர்வின் தமிழ் இலக்கியத் தாளிலும் நாடகம் உண்டு. அதுவும் அச்சில் படித்து வினாவுக்கு விடை எழுதும் நாடகமே. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, எழுத்தறியா மக்கள் விடிய விடிய அமர்ந்து கேட்ட நாடகத்தமிழ் நம் இலக்கிய வரலாற்றின் வாயிலுக்கு வெளியே நிற்கிறது. அங்ஙனம் வெளியே நிற்பவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் விசுவநாததாஸ்.

1886-இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர் அவர். முடிதிருத்தும் தொழிலையும் மருத்துவத்தையும் மரபாகக் கொண்ட குடியினர். குரலும் நடிப்பும் ஒருங்கே வாய்த்தமையால் மேடையில் முன்னின்றார். காந்தியடிகளின் இயக்கம் எழுந்தபின் மேடையையே விடுதலைப் போரின் களமாக்கினார். பலமுறை சிறை சென்றார். கடனில் உழன்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகனாக வேடம் பூண்டு மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். திருமங்கலத்தில் அவர் பெயரால் நினைவில்லம் நிற்கிறது.

இவ்வளவும் பலர் எழுதியிருக்கின்றனர். எழுதியவற்றைப் படித்தால் ஒரு குறை தோன்றுகிறது. எல்லாரும் அவருடைய தியாகத்தைப் பாடுகின்றனர். கலையைப் பேசுவார் அரியர். சிறை சென்ற தடவைகளை எண்ணுகின்றனர். ஒருவர் எண்ணும் மற்றொருவர் எண்ணும் ஒத்து வருவதில்லை. சிறைக்குச் சென்றோர் ஆயிரவர். அவர்களுள் இவர் ஒருவரைப் பிரித்துக் காட்டுவது பாட்டு அன்றோ? அந்தப் பாட்டு எவ்வாறு வேலை செய்தது என்று ஆராயாமல் அவருக்கு மாலை மட்டும் சூட்டுவது திறனாய்வு ஆகாது.

இதனைத் தெளிவாகக் காண ஆப்பிரிக்காவின் பக்கம் சிறிது திரும்புதல் நலம். தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபா 1932-இல் ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவர். 1960-இல் தாயின் இறுதிச் சடங்கிற்குத் திரும்ப முயன்றபோது அவருடைய கடவுச்சீட்டு செல்லாததாக்கப்பட்டிருந்தது. 1963-இல் ஐக்கிய நாடுகள் அவையின் குழுவின் முன் நின்று நிறவெறி ஆட்சிக்கு எதிராகச் சான்று பகர்ந்தார். அவருடைய இசைத்தட்டுகள் தாய்நாட்டில் தடை செய்யப்பட்டன. முப்பது ஆண்டுகள் அயல்நாடுகளில் அலைந்து 1990-இல் ஊர் திரும்பினார். 2008 நவம்பரில் இத்தாலியில் ஒரு நிகழ்ச்சியில் பாடி முடித்த சிறிது நேரத்தில் மாண்டார். அந்த நிகழ்ச்சியும் கொள்ளைக் கூட்டத்தாரை எதிர்த்து எழுதிய ஓர் எழுத்தாளருக்கு ஆதரவாக நடந்ததே. மேடையும் மரணமும் இவ்விருவர் வாழ்விலும் அடுத்தடுத்து நின்றமை வியப்புக்குரியது. ஆயினும் அதனினும் பெரிய ஒற்றுமை ஒன்று உண்டு.

1965-இல் மக்கேபா, ஹாரி பெலபாண்டேயுடன் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டில் கொசா மொழிப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதனை இயற்றியவர் வூயிசிலே மினி என்னும் தொழிற்சங்கத் தலைவர். 1964-இல் நிறவெறி அரசு அவரைத் தூக்கிலிட்டது. கேட்பதற்கு அது துள்ளும் மெட்டு. குழந்தைகளும் சேர்ந்து பாடலாம் போலிருக்கும். பொருளோ, அந்நாட்டுத் தலைமை அமைச்சர் வெர்வூர்டைப் பெயர் சொல்லி அழைத்துக் கறுப்பர் வருகிறார், எச்சரிக்கை என்று அறிவிப்பது. மொழி அறியாதவர் கைதட்டி மகிழ்வர். மொழி அறிந்தவர் நிமிர்ந்து உட்காருவர். ஒரே பாட்டு இரு வகையினரிடம் இரு வகையாகச் செல்கிறது.

தாஸின் கொக்குப் பாட்டும் இவ்வகையதே. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை ஓட்டும் இடம் வரும். அவ்விடத்தில் வெள்ளைக் கொக்கு பறந்து வருவதாகப் பாட்டுத் தொடங்கும். கேட்டவர்க்கு அக்கொக்கு யார் என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொட்டகை அதிரும். வாயிலில் நின்ற காவலருக்கும் பொருள் விளங்கும். ஆனால் கொக்கு வெள்ளையாக இருப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது?

இங்கே தமிழாசிரியர் நின்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்று இருக்கிறது. தினைக்கு வரும் பறவை கிளி. குறிஞ்சிப்பாட்டு முதலிய பழம்பாடல்களில் தட்டையும் குளிரும் கொண்டு மகளிர் கடிவது கிளியையே. கொக்கோ நீர்நிலையை நாடும் பறவை. மருதத்திற்கும் நெய்தலுக்கும் உரியது. அது மலைச்சாரல் தினைப்புனத்தில் வந்து இறங்குவது திணை மயக்கம். கிளி வழக்கமான திருடன், ஊர்ப் பறவை. கொக்கு வேற்று நிலத்திலிருந்து வந்து, தனக்கு உரியதல்லாத புனத்தில் இறங்கும் பறவை. பாட்டு இதை விளக்கிச் சொல்வதில்லை. ஆயினும் உழவரும் மேய்ப்பருமாகக் கூடியிருந்த அவையோர்க்கு எந்தப் பறவை எங்கு இறங்கும் என்பது பாடம் கேட்டுத் தெரிய வேண்டியதன்று. நிறத்தினால் மட்டும் அன்றி, இடம் தவறி வந்தமையாலும் அக்கொக்கு வெள்ளையனாயிற்று. அகத்திணை மரபு இருபதாம் நூற்றாண்டில் உயிரோடு வேலை செய்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாடக அமைப்பும் இதற்குத் துணை நின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்திற்குப் பின் தென்பாண்டி நாட்டில் 'ஸ்பெஷல் நாடகம்' பெருகிற்று. அதில் நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி வருவர். ஒத்திகை கிடையாது. கதை எல்லார்க்கும் தெரியும். பாட்டும் தர்க்கமும் அவரவர் கைவசம். ஆதலால் எந்த இடத்திலும் புதிய பாட்டு ஒன்றை நுழைக்க இடம் இருந்தது. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அரசுக்குப் பகையான நாடகங்களைத் தடை செய்ய வழி செய்தது. தேசிய நாடகம் என்று எழுதி நடித்தால் தடுத்துவிடலாம். 'வள்ளி திருமணத்தை' எதைச் சொல்லித் தடுப்பது? நாடகம் குற்றமற்றது, நடிகர் பாடியதே குற்றம். அதனால்தான் நாடகத்தை விட்டு நடிகரைப் பிடித்தனர். தாஸின் சிறைவாசத்தைப் போற்றுவோர் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினால் அவருடைய கலைத்திறனும் உடன் விளங்கும்.

மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற பாடலாசிரியர்களின் பங்கும் சிறிதன்று. அன்றைய செய்தியை அன்றே பாட்டாக்கி நடிகர் கையில் தந்தவர் அவர். தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூலே இந்த மேடைப் பாடகரை வரலாற்று ஆய்வாளரின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. தமிழில் அவ்வேலையை நாம் முன்பே செய்திருக்க வேண்டும்.

இனிக் குறை சொல்லும் இடம். கொக்குப் பாட்டின் வெற்றியே அதன் எல்லையும் ஆயிற்று. பகைவன் வெள்ளையாக இருக்கும் வரையில் பாட்டுக்குக் குறி தவறாது. பகை கறுப்பாக இருந்தால்? தாஸின் பிறப்பை எண்ணி அவரோடு மேடையில் நிற்க மறுத்த நடிகையர் இருந்தனர். தேசத்தின் அடிமைத்தனத்தைப் பாடி ஆயிரவரை அழவைத்தவர், தம்மோடு வள்ளியாக நிற்க ஆள் தேட வேண்டியிருந்தது. இந்த இழிவுக்கு அவர் புகழ் பெற்ற பாட்டில் இடம் இல்லை. மக்கேபாவுக்கு நிறவெறியே பாட்டின் பொருள். தம் தோலின்மேல் பட்ட அடியையே அவர் பாடினார். தாஸோ நாட்டின்மேல் பட்ட அடியைப் பாடி, தம்மேல் பட்டதை விழுங்கிக்கொண்டார். இதனை அவருடைய பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அக்காலத் தேசிய மேடை அவருக்கு அதைப் பாட இடம் தரவில்லை என்பதே என் கருத்து.

மலாயாவுக்கு இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. தோட்டத்தில் துரை வெள்ளைக் கொக்குதான், ஐயம் இல்லை. ஆனால் பெரட்டில் பெயர் கூப்பிட்டவர், கடன் எழுதியவர், அடித்தவர் ஆகிய கங்காணியும் கிராணியும் வெள்ளையர் அல்லர். தாஸ் மறைந்த சில திங்களுக்குள், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. 'தமிழ் நேச'னில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். தொழிலாளர் காந்திக் குல்லாய் அணிந்தனர். கூலி உயர்வு கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னனர். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னனர். கொடுமை செய்யும் தோட்ட அலுவலர்களை நீக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கையுள் ஒன்று. மே மாதத்தில் நாதன் சிறைப்பட்டார். பின் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். கிள்ளான் தொழிலாளி கண்ட கொக்குக் கூட்டத்தில் பல நிறங்கள் இருந்தன. தாய்நாட்டு மேடைப்பாட்டு காட்டாத இதனைக் கோரிக்கைத் தாள் காட்டியது. கூலியும் மிதிவண்டியும் கள்ளுக்கடையும் அடங்கிய அத்தாளை வரலாற்றுப் பாடத்திற்கு மட்டும் விட்டுவிடாமல் தமிழ் வகுப்பிலும் படிக்கலாம்.

கோலாலம்பூரில் இசைக்கு இடம் இல்லாமல் இல்லை. சங்கீத அபிவிருத்தி சபா 1923-இலேயே தோன்றியது. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் கருநாடக இசையும் பரதமும் கற்கும் பிள்ளைகளைக் காண்பது மனத்துக்கு இனியது. எனினும் மேடைப்பாட்டுக்கு அத்தகைய இருக்கை அமையவில்லை. தோட்டத் திருவிழாக்களில் பாடிய பெரியவர்கள் பாடிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கும் வேலையைப் பெரும்பாலும் தவறவிட்டோம்.

கே. பி. சுந்தராம்பாளின் மரபு நிலைத்ததையும் உடன் வைத்துப் பார்க்கலாம். அவரும் மேடையில் வளர்ந்தவர். காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பாடியவர். ஆனால் அவருக்கு இசைத்தட்டு இருந்தது. 1935-இல் நூறாயிரம் ரூபாய் ஊதியம் தந்து 'நந்தனார்' எடுத்த திரைப்படம் இருந்தது. 1953-இல் 'ஔவையார்' இருந்தது. சட்ட மேலவையிலும் இடம் கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. தாஸுக்கு மேடை ஒன்றே நிலைக்களன். மேடைப்பாட்டு பாடிய இரவோடு கரைவது. ஆகவே அவரை நினைப்பதற்குக் கதைகளையே நம்பினோம். கதைகள் நாளடைவில் புராணம் ஆயின.

புராணம் ஆக்காமல் நினைப்பது இயலுமா? நைஜீரியர் தம் பெரும்பாடகர் ஃபெலா குட்டியை நினைக்கும் முறையைப் பார்க்கலாம். 1976-இல் படையினரை உயிரற்ற பிணங்களுக்கு ஒப்பிட்டுப் பாடியவர் அவர். 1977 பிப்ரவரியில் படை அவர் இல்லத்தைச் சூறையாடிற்று. மாடிச் சாளரத்திலிருந்து எறியப்பட்ட அவருடைய அன்னை, தாமே ஒரு போராளி, அடுத்த ஆண்டு இறந்தார். அத்தாயின் மகன் 1978-இல் ஒரே நாளில் இருபத்தேழு பெண்களை மணந்துகொண்டதையும் அந்நாட்டார் மறைப்பதில்லை. போராட்டத்தைப் போற்றுகின்றனர், பெண்களை நடத்திய முறையைக் கண்டிக்கின்றனர். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன. அவர் மதிப்பு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

மேடைப்பாட்டின் வழிவந்தோர் இன்று வேறு மெட்டில் பாடுகின்றனர். 2006-இல் கோலாலம்பூர் இளைஞர் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு, அமெரிக்கக் கறுப்பரின் சொல்லிசையைத் தமிழாக்கிக் காட்டித் தமிழகத்தையும் ஆட்டுவித்தது. இதனை இசை அன்று என்று தள்ளும் ஆசிரியர்களை நான் அறிவேன்; தர்க்கப்பாட்டை ஒருமுறை கேட்டிருந்தால் அப்படிச் சொல்லத் துணியார். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவைச் சொற்களாக்கினார் அறிவு என்னும் கவிஞர். பால்மரம் வெட்டிய பாட்டிமார் இருந்த வீடுகளில் அப்பாட்டு எப்படிக் கேட்கப்பட்டது என்பதை இங்குள்ளவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பு அப்பாட்டின் வெற்றியை ஒட்டி அட்டைப்படம் வெளியிட்டபோது, உடன் பாடிய தீ என்னும் பாடகியின் உருவம் இருந்தது. எழுதியவர் உருவம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் வெளிப்படையாகக் கண்டித்த பின்னரே அறிவுக்கு வேறோர் அட்டை கிடைத்தது.