தானம் கொடுத்த மாடு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். வாங்குகிறவனுக்கு இது நல்ல போதனை. கொடுக்கிறவன் இதை நம்பிவிட்டால்தான் ஆபத்து. ஆடாசிட்டி என்ற மென்பொருளின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

குரலையும் சங்கீதத்தையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, வெட்டி ஒட்டிச் சீர்ப்படுத்தும் கருவி அது. அமெரிக்காவில் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் டொமினிக் மாஸோனி, ரோஜர் டானன்பர்க் என்ற இருவர் 1999-ல் ஆரம்பித்து, 2000-ல் வெளியிட்டார்கள். காசு கிடையாது. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பெருந்தன்மையான காரியம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதில் ஒரு படுகுழியும் இருந்தது. செய்த வேலையைச் சேமித்தால் ஒரு சிறு ஃபைல் உண்டாகும். பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரும் உண்டாகும். ஒலி முழுவதும் துண்டு துண்டாக அந்த ஃபோல்டரில் கிடக்கும். சிறு ஃபைல் வெறும் பொருளடக்கந்தான். விவரம் தெரியாதவர்கள் அதை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போவார்கள்; ஃபோல்டரைக் குப்பை என்று அழித்துவிடுவார்கள். மறுநாள் திறந்தால் சத்தமே இராது. போனது பாட்டானால் மறுபடி பாடிக்கொள்ளலாம். காலமான தகப்பனாரின் குரலானால் என்ன செய்வது?

இப்படித் தவித்து வந்தவர்களுக்குப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இரண்டையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகவே சொன்னார்கள். பதிலில் பிழையில்லை. ஆனால் ஒரே பதிலை வருஷக்கணக்காகச் சொல்ல நேர்ந்தால் பிழை கருவியில் இருக்கிறது என்பது என் கட்சி. நாவல் எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல. ஒரு வாசகர் ஓர் இடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அது அவருடைய அஜாக்கிரதை. நூறு பேர் அதே இடத்தில் தடுமாறினால் அத்தியாயத்தைத் திருப்பி எழுதத்தான் வேண்டும். முன்னுரையில் விளக்கம் எழுதித் தப்பித்துக்கொள்ள முடியாது.

ஆடாசிட்டிக்காரர்களும் திருப்பி எழுதினார்கள். 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிட்டது. இருபது வருஷமாகச் சொல்லிவந்த எச்சரிக்கைக்கு அவசியமே இல்லாமற் போயிற்று. அந்த எச்சரிக்கைகள் அத்தனையையும்விட இதுவே பெரிய உதவி.

எல்லாப் பழியையும் அவர்கள் தலையில் சுமத்துவது நியாயமாகாது. பதிவை எம்.பி.3 ஆக்குவதற்கு லேம் என்ற துணை நிரலைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அதற்குக் காரணம் பேடண்ட் உரிமைகள். 2017-ல் அந்தத் தளை விலகியது; 2019-ல் லேமையும் கூடவே சேர்த்துக் கொடுத்தார்கள். சட்டம் கட்டிப்போட்ட கையைச் சோம்பற் கை என்று ஏசலாமா?

உபயோகிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தப் பதிப்பு, எந்த மைக், எதை அழுத்தியபோது நின்றது என்று எதுவும் சொல்லாமல், 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுகிறவர்கள் ஏராளம். வைத்தியரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பதற்கு ஒப்பானது இது.

2021 ஏப்ரலில் ஆடாசிட்டி மியூஸ் குரூப் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஜனங்கள் இதை எப்படி உபயோகிக்கிறார்கள் என்ற தகவலை, சம்மதிப்பவர்களிடமிருந்து மட்டும், இயந்திரத்தின் வழியாகவே திரட்ட அடுத்த மாதம் யோசனை செய்தார்கள். பெரிய கூச்சல் கிளம்பியது, யோசனையைக் கைவிட்டார்கள். கூச்சல் கொஞ்சம் அதிகந்தான். ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இருபது வருஷமாக வாய்விட்டுப் புலம்பியவர்கள் சொன்னதெல்லாம் தகவல் இல்லையா? எத்தனை பேர் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று இயந்திரம் எண்ணிச் சொல்லும். அழுத்தியவன் எதை இழந்தான் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே இனாமாக வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நான் ஒப்பவில்லை. விவரமாகவும் மரியாதையாகவும் சொல்லப்பட்ட குறை, காசு கேட்காதவனுக்கு நாம் கொடுக்கக்கூடிய கூலி. அதை வாங்கிக்கொள்ள மறுப்பதற்கு அவனுக்கும் உரிமை கிடையாது.