பட்டியலும் வாசகரும்

நல்ல நூலை ஒருவருக்கு எடுத்துக் கொடுப்பது ஒரு கலை. அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவும் அக்கலையை நாட்காட்டியோடு பிணைத்து வைத்திருக்கின்றன. பிப்ரவரி, கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு உரிய மாதம், மார்ச், மகளிர் வரலாற்றுக்கு, ஏப்ரல், கவிதைக்கு. தடைக்கும் எதிர்ப்புக்கும் ஆளான நூல்களுக்கென 1982 முதல் ஆண்டுதோறும் ஒரு வாரமும் உண்டு. அந்தந்தப் பொருளுக்கு ஏற்ற நூல்கள் தனி மேசையில் அடுக்கப்படுகின்றன. இத்துடன் 'வாசிப்புச் சவால்' என்ற ஒன்றும் பரவியுள்ளது. மாதம் ஒரு பொருள், பொருளுக்கு ஒரு நூல் எனப் படித்து, அட்டையிலுள்ள கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பியவருக்குச் சிறு பரிசு கிடைக்கலாம். இம்முறையால் வாசகர் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதனை அளக்க நம் மண்ணில் பிறந்த அளவுகோல் ஒன்று இருக்கின்றது. சீர்காழியில் 1892 ஆம் ஆண்டு பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931 இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கருத்து. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்பது மூன்றாம் விதியின் கருத்து.

மூன்றாம் விதியை வைத்துப் பார்த்தால், மாத மேசை பாராட்டுக்குரியது. முதுகைக் காட்டி அலமாரியில் உறங்கிய நூல், ஒரு மாதமேனும் முகத்தைக் காட்டி நிற்கின்றது. பெயர் அறியாத எழுத்தாளரையும் ஒருவர் கையில் எடுக்கின்றார். இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது.

இடர்ப்பாடு இரண்டாம் விதியில் தொடங்குகின்றது. 'கடல்' என்று ஒரு மேசை அமைப்பதாகக் கொள்வோம். ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) அங்கே இருக்கும். மெல்வில்லின் 'மோபி டிக்' (1851) அதன் அருகில் இருக்கும். முன்னது சிறியது, சொற்சிக்கனம் மிக்கது. பின்னதோ திமிங்கிலங்களின் வகைகளை விரித்துரைக்கவே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கும் பெருநூல். கிழவரின் கதையில் மனம் தோய்ந்தவர், அதே மேசையை நம்பி மற்றதை எடுத்துச் சென்றால், பாதியில் களைத்துப் போகக்கூடும். பொருள் ஒன்றுதான், படிக்கும் அனுபவம் வேறு. நூல் எதைப் பற்றியது என்பதை மேசை சொல்கின்றது. எத்தகையது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றது.

நகரம் முழுவதும் ஒரே நூலைப் படித்து உரையாடும் திட்டத்தை 1998 இல் சியாட்டிலில் தொடங்கிய நூலகர் நான்சி பேர்ல் இதனை நன்கு உணர்ந்தவர். கதை, மாந்தர், களம், மொழி என்னும் நான்கு வாயில்களின் வழியே வாசகர் நூலுக்குள் நுழைகின்றனர் என்பது அவரது கருத்து. மாந்தரைக் கண்டு மயங்கியவருக்கு, அத்தகைய மாந்தர் உலவும் வேறொரு நூலைக் கொடுக்க வேண்டும். அதன் பொருள் கடலாக இருந்தாலென்ன, கழனியாக இருந்தாலென்ன?

பொருளால் மட்டும் வகுப்பதில் எழுத்தாளருக்கும் இழப்பு உண்டு. பிப்ரவரி மாதக் கொண்டாட்டத்தின் வேர், வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சன் 1926 இல் தொடங்கிய ஒரு வாரம். அது 1976 இல் மாதமாக விரிந்தது. ஆயினும் அவ்வரலாறு ஆண்டு முழுவதும் பயிலப்பட வேண்டும் என்பதே வுட்சனின் விருப்பம். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலை எடுத்துக் கொள்ளுங்கள். தன் மகவு மீண்டும் அடிமையாவதைக் காணப் பொறாது, தானே அதன் உயிரைப் போக்கிய ஒரு தாயின் கதை அது. தாய்மையையும் துயரையும் அறிய விரும்பும் எவருக்கும் எம்மாதத்திலும் உரிய நூல் அன்றோ? அதனைப் 'பிப்ரவரி நூல்' ஆக்கிவிட்டால், மார்ச் முதல் நாள் அது அலமாரிக்குத் திரும்பிவிடும். வாசகரும் கடன் தீர்ந்தது என்று கட்டத்தை நிரப்பிவிடுவார்.

கட்டத்தை நிரப்பும் சவாலோ இக்குறையை மேலும் வளர்க்கின்றது. எண்ணிக்கை இலக்கானால் மெலிந்த நூலுக்கே கை நீளும். 'போரும் அமைதியும்' நாவலில் மார்ச், ஏப்ரல், மே மாதங்களைச் செலவிட்டவர் அட்டையில் இரண்டு கட்டங்களைத் தோற்றவர் ஆகின்றார்! பிடிக்காத நூலை மூடிவைக்கும் உரிமையும் பறிபோகின்றது. ஐம்பது பக்கம் படித்தும் ஈர்க்காத நூலை விட்டுவிடலாம் என்பது பேர்ல் வகுத்த நெறி. ஐம்பது வயதைக் கடந்தவர், நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மீதமுள்ள பக்கங்களைப் படித்தாலே போதும். எழுபது வயது முதியவருக்கு முப்பது பக்கம். நேரத்தின் அருமை உணர்ந்த இந்நெறிக்குச் சவால் அட்டையில் இடமில்லை.

சவால் என்பதையே ஒழிக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. பிரிட்டன் நூலகங்களில் 1999 முதல் சிறுவர்க்கான கோடைக்கால வாசிப்புச் சவால் நடந்து வருகின்றது. நீண்ட விடுமுறையில் ஆறு நூல்களைப் படிப்பது அதன் வழக்கமான இலக்காக இருந்து வந்துள்ளது. ஆண்டுதோறும் ஒரு கருப்பொருளும் உண்டு. மனிதன் நிலவில் கால்வைத்த ஐம்பதாம் ஆண்டாகிய 2019 இல் விண்வெளி. ஆனால் படிக்கும் நூலைக் குழந்தையே தெரிவு செய்கின்றது. விண்வெளி ஆண்டில் பூனைக் கதை படித்தாலும் அது கணக்கில் சேரும். கருப்பொருள் தோரணமாக நிற்க, தெரிவு வாசகரிடம் இருக்கின்றது. மேற்கொள்ளத்தக்க முறை இதுவே.

ஆகவே, மாத மேசை அமைக்கும் நூலகர் ஒவ்வொரு நூலின் மீதும் இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைக்கட்டும்: இது விரைந்து செல்வதா, நின்று நிதானித்துச் செல்வதா? மாந்தரால் சிறந்ததா, மொழியால் சிறந்ததா? சவால் அட்டையில், ஒரே நூலில் பல மாதம் தங்கியவருக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். நூலகத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர், 'எத்தனை நூல் முடித்தாய்?' என்று கேட்பதை விடுத்து, 'அதில் வருபவர்களில் யாரை உனக்குப் பிடித்தது?' என்று கேட்பாராக. அப்பிள்ளை சொல்லும் விடையில் அடுத்த நூலுக்கான பரிந்துரை தானே அடங்கியிருக்கும்.