ஏத்தன்வாழையில் இருக்கிறது தாள்

சிக்கலான ஓரிகாமிக்கு ஜப்பானியக் கோசோ நார்த் தாளே கதி, நம் ஊர்க் கைக்காகிதம் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் லாயக்கு என்ற பேச்சு மடிப்புக் கலைஞர்களிடையே நிலைபெற்றுவிட்டது. கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை விளைகளில் குலை வெட்டிய ஏத்தன் (நேந்திரன்) வாழைகள் சாய்ந்து மட்குவதைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கூடாது.

தாளை ஈரப்படுத்தி மடிக்கும் அகிரா யோஷிசாவாவின் ஈரமடிப்பும், 1990களில் ராபர்ட் லாங் போன்றோர் வட்டங்களை அடுக்கும் கணக்கால் வெட்டில்லாத ஒற்றைச் சதுரத்திலிருந்து வண்டின் ஆறு கால்களையும் எடுத்துக்காட்டியதும் வாசகர் அறிந்தவை. வடிவமைத்தவர் பெயர் நிலைத்தது. தாள் செய்தவரை எவரும் கேட்பதில்லை. மைக்கேல் லஃபோஸும் ரிச்சர்ட் அலெக்ஸாண்டரும் 1996இல் அமெரிக்காவின் ஹேவர்ஹில்லில் தொடங்கிய ஓரிகாமிடோ பட்டறை அருமையான விதிவிலக்கு. மடிப்புக்கென்றே அங்கே தாள் செய்தார்கள். அவர்கள் விரும்பிய நார்களில் ஒன்று அபாகா. பிலிப்பைன்ஸில் விளையும் அந்த அபாகா நம் வாழையின் நெருங்கிய இனம்.

இங்கே நடந்தது வேறு. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தில் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா கைக்காகிதத்துக்கு உயிர் கொடுத்தார். அந்தந்த ஊர் மூலப்பொருளை அந்தந்த ஊரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. காதி கிராமத் தொழில் ஆணையத்துக்கான சட்டம் 1956இல் வந்தது. அதன்பின் பனியன் வெட்டுத்துணிக் கூழே கைக்காகிதம் என்றானது. பூவிதழ் பதித்த அட்டை, தடித்த கோப்புறை, பரிசுப்பை. பலருக்கு வேலை கிடைத்தது, அது பெரிய காரியம். ஆனால் மெல்லிய தாள் செய்யும் ஆசையையே அந்தச் சோம்பலான தடிமன் விழுங்கிவிட்டது.

மடிப்புக்கு வேண்டியது சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிராம் எடையுள்ள, மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாலும் கிழியாத தாள். வாழைத்தடியின் வெளிப்பட்டையில் நார் முரடு, உள்பட்டையில் மென்மை. இரண்டையும் பிரித்தே எடுக்க வேண்டும். காரத்தில் வேகவைத்து, விரலால் இழுத்தால் பிரியும் பதத்தில் இறக்கிப் பலமுறை அலச வேண்டும். பட்டையின் சோறு தங்கினால் தாளில் புள்ளி விழும். மடிப்பும் அங்கேயே கிழியும். அரைக்கும்போது நாரை வெட்டாமல் நசுக்க வேண்டும். நெடுநேரம் அரைத்த கூழ்தான் ஒளி ஊடுருவும் மொறுமொறுப்பான தாளைத் தரும். ஒரு சிட்டிகைக் கூழைக் கண்ணாடிக் குவளை நீரில் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் முடிச்சே தெரியக் கூடாது. அத்தகைய தாள் உலரும்போது வெகுவாகச் சுருங்கும் என்பதால் பலகையில் ஒட்டியே காயவைக்க வேண்டும்.

அடுத்தது, மடித்த தாள் விறைப்பாக நிற்கப் பூசும் பசை. நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே இருக்கும் பாலராமபுரத்து நெசவாளர்கள் பாவுக்கு அரிசிக்கஞ்சி போட்டுத் தெருவில் விரித்துக் காயவைத்தே பழகியவர்கள். இழை விறைக்கவும் வேண்டும், முறியவும் கூடாது என்ற பதம் அவர்கள் கைக்குத் தெரியும். கஞ்சிக்குப் பூச்சி வரும். அந்த இடத்தில் பூச்சி அரிக்காத மெத்தில் செல்லுலோஸ் பசையைக் கொண்டுவந்தால் போதும்.

இங்கே ஒரு கைக்காகிதக் கூடம் தொடங்குகிறவர்கள் அட்டை அச்சை வாங்க வேண்டாம். நெருக்கமான வலைச் சட்டமும் நல்ல அரைவை இயந்திரமும் வாங்கட்டும். நார் பற்றித் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்கட்டும். முதல் தாள்களை மடிப்புக் கலைஞர்களிடம் கொடுத்து, எந்த மடிப்பில் கிழிந்தது என்று கேட்டுவந்து அடுத்த கூழை அரைக்கட்டும்.