நீண்ட அலையும் வலதுசாரி எழுச்சியும்: ஹன்ஸ் ரோசன்பெர்க்கை முன்வைத்து

2016 நவம்பரில் ட்ரம்ப் ஜெயித்த வாரம், ஆபீஸ் கேன்டீனில் ஒரு டிஷ்யூ பேப்பர் மேல் நான் அலை வரைந்து காட்டினேன். கோந்த்ராத்தியெவ் அலை. சுமார் ஐம்பது வருஷத்துக்கு ஒரு சுற்று, பாதி ஏற்றம், பாதி இறக்கம். இறக்கத்தில் ஜனங்களுக்குப் பயம் வரும், பயம் வந்தால் பழமையையும் பலசாலியையும் தேடுவார்கள், 1930களில் நடந்ததுதான் இப்போதும் நடக்கிறது என்று ரொம்ப நிச்சயமாகப் பேசினேன். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன் கேட்டான்: "அப்ப இது எப்ப சார் முடியும்?" நான் யோசிக்கவே இல்லை. "2030 வாக்குல" என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டேன்.

அந்தப் பதில்தான் பிறகு உறுத்த ஆரம்பித்தது. தேதி சொல்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்? அதனால் இந்த வாதத்தை யார் மிக ஒழுங்காக, ஆதாரத்தோடு வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் போனேன். யூடியூப் முதலீட்டு ஆலோசகர்களைத் தாண்டினால் கிடைப்பவர் ஹன்ஸ் ரோசன்பெர்க். ஜெர்மன் வரலாற்றாசிரியர். ஹிட்லர் வந்தபின் நாட்டை விட்டு வெளியேறி, நியூயார்க்கில் புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1943இல் ஒரு கட்டுரை, பிறகு அதை விரித்து 1967இல் பிஸ்மார்க் காலப் பெருமந்தம் பற்றி ஒரு புத்தகம். 1873 முதல் 1896 வரையான நீண்ட இறக்கம்தான் மத்திய ஐரோப்பாவில் தாராளவாதத்தைச் சாய்த்தது, சுங்கவரிச் சுவரை எழுப்பியது, யூத வெறுப்பை வெகுஜன அரசியலாக மாற்றியது என்பது அவர் வாதம். இன்றைக்கு "பொருளாதார அலையும் பாப்புலிசமும்" என்று யார் எழுதினாலும், தெரிந்தோ தெரியாமலோ ரோசன்பெர்க் போட்ட கோட்டின் மேல்தான் நடக்கிறார்கள்.

அவரிடம் போகுமுன் அலையையே கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நிக்கோலாய் கோந்த்ராத்தியெவ் 1920களில் மாஸ்கோவில் பொருளாதாரப் போக்குகளை ஆராயும் நிறுவனம் ஒன்றை நடத்தியவர். 1780களின் இறுதியிலிருந்து தன் காலம் வரை, சுமார் 140 வருஷத்து விலை, வட்டி, கூலி, உற்பத்தி எண்களை எடுத்துக்கொண்டார். வளர்ந்துகொண்டே போகிற தொடர்களில் முதலில் ஒரு போக்குக்கோட்டைப் பொருத்திக் கழித்தார். மிச்சத்தை ஒன்பது வருஷ நகரும் சராசரியால் வழவழப்பாக்கினார். இரண்டரை அலை தெரிந்தது. இரண்டரைதான்! ஒரு விதி என்று சொல்வதற்கு இரண்டரை உதாரணம். என் வேலையில் யாராவது இரண்டரை டெஸ்ட் ஓடியதை வைத்து "பக் இல்லை" என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மிகக் கூர்மையான எச்சரிக்கை அதே நிறுவனத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. எவ்கேனி ஸ்லுட்ஸ்கி என்கிற புள்ளியியலாளர் 1927இல், அரசு லாட்டரியில் விழுந்த எண்களை எடுத்துக் கூட்டிச் சராசரி எடுத்துக் காட்டினார். எந்த ஒழுங்கும் இல்லாத எண்களிலிருந்து அசல் வியாபாரச் சுழற்சி மாதிரியே அலை எழும்பி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வியாபாரக் குறியீட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தால், எது லாட்டரி எது இங்கிலாந்து என்று சட்டென்று சொல்ல முடியாது.

நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன். வெறும் சீரற்ற எண்களுக்கு ஒன்பது வருஷச் சராசரி எடுத்தால் பத்துப் பதினைந்து வருஷக் குட்டி அலைகள்தான் வருகின்றன. ஆனால் விலைவாசி வெறும் சீரற்ற எண் இல்லை. போன வருஷ விலையிலிருந்து இந்த வருஷம் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று தள்ளாடி நடக்கும். அப்படித் தள்ளாடும் ஒரு தொடரை 140 புள்ளிக்கு உருவாக்கி, இருபடி வளைகோடு ஒன்றைப் பொருத்திக் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ பெரிய அலை நிற்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இருபடி வளைகோட்டை மீச்சிறு வர்க்க முறையில் பொருத்திக் கழித்தால், மிச்சம் குறைந்தது மூன்று முறையாவது மேலும் கீழும் கடந்தே ஆகவேண்டும்; அது கணக்கின் கட்டாயம். அலை தரவில் இருக்கிறதா, நாம் கழித்த விதத்தில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல 140 வருஷம் போதாது. இதனால் நீண்ட அலையே கிடையாது என்று ஆகிவிடாது. 1873க்குப் பிறகு விலைகள் இருபது வருஷத்துக்கு மேல் விழுந்தது நிஜம். அது ஒரு கடிகாரத்தின் ஓட்டம் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இன்னொரு விஷயம், டிஷ்யூ பேப்பர்க்காரர்கள் (என்னையும் சேர்த்து) வசதியாக மறப்பது. பெரிய போர்களும் புரட்சிகளும் இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில்தான் அதிகம் என்று எழுதியவர் கோந்த்ராத்தியெவ். இறக்க காலத்துக்கு அவர் சொன்ன அடையாளம் விவசாயத்தின் நீண்ட நலிவு. அவருடைய சொந்த முடிவு எந்த அலையையும் பார்த்து வரவில்லை. 1930இல் இல்லாத ஒரு விவசாயக் கட்சியின் பேரில் கைது, 1938இல் சுட்டுக் கொன்றார்கள்.

விவசாய நலிவு என்ற இந்த இடத்தில்தான் ரோசன்பெர்க் பலமாக நிற்கிறார். 1873 மே 9ஆம் தேதி வியன்னா பங்குச் சந்தை சரிந்தது. பிரான்சிடம் வாங்கிய போர் இழப்பீட்டுப் பணத்தில் மிதந்துகொண்டிருந்த ஜெர்மனியும் சேர்ந்து விழுந்தது. அடுத்த வருஷமே ஓட்டோ கிளாகாவ் என்ற பத்திரிகையாளர், லட்சக்கணக்கான குடும்பங்கள் படித்த ஒரு வாரப் பத்திரிகையில், மோசடிக் கம்பெனிகளுக்கெல்லாம் யூதர்களே காரணம் என்று தொடர் எழுதினார். 1878இல் அரசவைப் பாதிரியார் ஷ்டோக்கர் கட்சி தொடங்கினார். 1879இல் பிஸ்மார்க் தானியத்துக்கும் இரும்புக்கும் சுங்கவரி போட்டார். ரயிலும் நீராவிக் கப்பலும் அமெரிக்க, ரஷ்யக் கோதுமையைக் கொண்டுவந்து கொட்ட, கிழக்குப் பிரஷ்ய நிலப்பிரபுக்கள் கூச்சல் போட்டார்கள். 1893 தேர்தலில் யூத எதிர்ப்புக் கட்சிகளுக்கு 16 இடம். அதே வருஷம் விவசாயிகள் சங்கம் பிறந்தது. தேதிகளை வரிசையாக அடுக்கினால் அலைக்குப் பின்னால் வால் பிடித்து வருகிற மாதிரியே இருக்கிறது.

ஆனால் "இறக்கம்" என்று அவர் சொல்வது எதன் இறக்கம்? விலையின் இறக்கம். அந்த இருபத்து மூன்று வருஷத்தில் ஜெர்மனியின் உற்பத்தி மொத்தத்தில் வளர்ந்தது. தானியம் விற்றவனுக்குக் கெட்ட காலம், ரொட்டி வாங்கின தொழிலாளிக்கு மோசமில்லாத காலம். ரோசன்பெர்க்குக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் அவர் புத்தகத்தில் எண்களை விட மனநிலைக்கு அழுத்தம் அதிகம்: கவலை, எரிச்சல், நம்பிக்கையின்மை. எனக்கு நெருடும் இடமும் இதுதான். மனநிலைக்குச் சான்றாக அவர் காட்டுவதில் முக்கியமானது அந்தக் கால அரசியல். பிறகு அதே அரசியலை மனநிலையால் விளக்குகிறார். எங்கள் பாஷையில் சொன்னால் சர்க்குலர் டிபென்டென்சி.

அலை உலகம் முழுக்க ஒரே அலை என்றால், அதே தானிய விலை எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் அதே அரசியல் வந்திருக்க வேண்டும். பிரிட்டனில் தானிய விவசாயம் ஜெர்மனியை விடக் கேவலமாக அடி வாங்கியது. வரி போடவில்லை. மலிவு ரொட்டியை விட்டுக்கொடுக்க நகரத்துத் தொழிலாளி தயாராக இல்லை. 1906இல்கூட வரி கேட்டவர்கள் படுதோல்வி. வெளிநாட்டவர் வருகையைத் தடுக்கும் சட்டம் 1905இல் வந்தது, அதாவது அலைக்காரர்களின் கணக்குப்படி ஏற்ற காலத்தில்.

டென்மார்க் கதை எனக்கு இன்னும் பிடித்தது. அவர்களும் தானியம் விற்றவர்கள்தான். விலை விழுந்ததும், சரி, வருகிற மலிவுத் தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் போடுவோம், வெண்ணெயும் பன்றிக்கறியும் இங்கிலாந்துக்கு விற்போம் என்று மாறிக்கொண்டார்கள். 1882இல் யெடிங் என்ற கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை. பத்து மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு, ஒரு மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு. பிரஷ்யாவில் நிலப்பிரபுவுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சிறு விவசாயி, இங்கே சொந்தச் சங்கத்தில் உட்கார்ந்து பேசினான். ஒரே அடிதான், வாங்கிய உடம்பு வேறு.

அமெரிக்காவில் அதே விலை வீழ்ச்சி பாப்புலிசம் என்ற வார்த்தையையே கொடுத்தது. 1892இல் மக்கள் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 8.5% ஓட்டு வாங்கினார். ரயில்வேயை அரசுடைமையாக்கு, வருமான வரி போடு, வெள்ளி நாணயத்தைத் தாராளமாக அச்சிடு என்று கேட்ட கட்சி அது. அதைப் பழமைவாதம் என்று சொல்ல ரொம்பத் துணிச்சல் வேண்டும்.

நம்ம பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். விலை விழுந்ததாக ஐரோப்பா புலம்பிய அதே வருஷங்களில், 1876 முதல் 1878 வரை, சென்னை ராஜதானியில் தாதுவருஷப் பஞ்சம். தானிய விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, லட்சக்கணக்கில் செத்தார்கள். "உலகப் பொருளாதாரத்தின் இறக்கம்" என்று ஒரே கோடு வரைகிறவர்கள் எந்தச் சந்தையில் நின்று வரைகிறார்கள் என்று கேட்டே ஆகணும்.

சரி, அலை இல்லை என்றால் பொருளாதாரத்துக்கும் வலதுசாரிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. ஃபுங்கே, ஷுலாரிக், ட்ரெபெஷ் ஆகிய மூவர் 20 முன்னேறிய நாடுகளில் 1870 முதல் 2014 வரை 800க்கு மேற்பட்ட தேர்தல்களை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நிதி நெருக்கடிக்குப் பிறகு தீவிர வலதுசாரிகளின் ஓட்டு சராசரியாக 30% உயர்கிறது. (30 புள்ளி அல்ல, 10 இருந்தால் 13 ஆகிறது. பத்திரிகைகள் இதைக் குழப்பிவிடுகின்றன.) முக்கியமான விஷயம், சாதாரண மந்தத்துக்குப் பிறகு இந்த விளைவு இல்லை. வங்கி விழும்போதுதான். காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை: மழை பொய்த்தால் யாரைத் திட்டுவது? வங்கி விழுந்தால் திட்ட ஆள் இருக்கிறது, அரசாங்கம் யாரைக் காப்பாற்றியது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. 1873க்குப் பிறகு கிளாகாவ் செய்ததும் இதே வேலைதான். ரோசன்பெர்க் இருபத்து மூன்று வருஷ விலைச் சரிவை விட்டுவிட்டு அந்த ஒரு மே மாதத்தைப் பிடித்திருந்தால் வாதம் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவும் முழுச் சாவி இல்லை. 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளாதாரம் சுருங்காத ஒரே நாடு போலந்து. அங்கேதான் 2015இல் சட்டம் நீதிக் கட்சி தனிப் பெரும்பான்மையோடு வந்தது. இதை எந்த அலையிலும் எந்த வங்கியிலும் தொங்கவிட முடியவில்லை.

ரோசன்பெர்க் புத்தகத்தை இப்போதும் படிக்கச் சொல்வேன். அலைக்காக அல்ல. பழைய கனவான் கட்சி ஒன்று தெருக்கட்சியின் சரக்கை எப்படி வாங்கித் தன் கடையில் வைத்தது என்று அவர் காட்டும் பகுதிகளுக்காக. 1892 டிசம்பரில் பெர்லின் டிவோலி மண்டபத்தில் கூடி, ஜெர்மன் பழமைவாதக் கட்சி யூத எதிர்ப்பைத் தன் கொள்கை அறிக்கையிலேயே சேர்த்துக்கொண்டது. தனிக் கட்சிகள் பிறகு மெலிந்துபோயின. 1896க்கு அப்புறம் விலையும் ஏறியது. அன்றைக்கு யாராவது "இது எப்ப சார் முடியும்?" என்று கேட்டு, ஒரு பொருளாதார நிபுணர் "விலை ஏறினதும் முடிஞ்சிரும்" என்று சொல்லியிருந்தால், இருபது வருஷத்துக்கு அவர் சொன்னது சரி என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். சரக்கு பெரிய கடைக்குள் பத்திரமாக இருந்தது.

1931 ஜூலை 13ஆம் தேதி பெர்லினில் டானாட் வங்கி கதவைத் திறக்கவில்லை. அதன் தலைவர் யாகோப் கோல்ட்ஷ்மிட் யூதர் என்பதை நாஜிகள் தெருவெல்லாம் சொன்னார்கள். அந்த வங்கியோடு தொழில் உறவு வைத்திருந்த கம்பெனிகள் உள்ள ஊர்களில் நாஜி ஓட்டு கூடுதலாக ஏறியது என்றும், யூத வெறுப்புக்குப் பழைய வரலாறு இருந்த ஊர்களில் இன்னும் அதிகம் ஏறியது என்றும் சமீபத்திய ஆய்வு ஒன்று காட்டுகிறது. ஊர் ஊராக அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பது தனிக் கதை, அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அந்தப் பையன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். இந்தப் பதிவின் லிங்க்கை அவனுக்கும் அனுப்பணும்.